வயிற்றில் ஒரு சொட்டு

ஃபெரெட்டுக்கு நகம் வெட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிடரியைப் பிடித்துத் தூக்கி மடியில் மல்லாத்திப் போட வேண்டும். வயிற்றில் ஒரு சொட்டு சால்மன் மீன் எண்ணெய் விட வேண்டும். தலை குனிந்து அதை நக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு பக்கத்தில் இடி விழுந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அந்த இடைவெளியில் நான்கு கால் நகங்களையும் வெட்டி முடித்துவிடலாம். இங்கே வடக்கே லங்காஷயரில் ஃபெரெட் வளர்க்கிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். உங்கள் பேச்சைக் கேட்டால் தெற்குப் பக்கத்துக்காரர் போலத் தெரிகிறது, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் வாயால் சொன்னதை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொல்லித் தாள் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எழுதுவது எனக்குச் சிரமமில்லை. இருபத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவள் நான். பெயர் க்ளெனிஸ் ஆர்மரோட், வயது அறுபத்து நான்கு. நோரீன் ஹாவொர்த்தின் கொட்டகையைப் பூட்டி, இனி அவள் எந்தப் பிராணியையும் வளர்க்கக் கூடாது என்று தடை போடுவதா வேண்டாமா என்பதை வெள்ளிக்கிழமை உங்கள் பிராணி நல அலுவலகம் முடிவு செய்யப் போகிறது. அதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நோரீனின் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கொட்டகையை நானும் அவளுமாகப் பதினெட்டு வருடம் நடத்தினோம். கைவிடப்பட்ட ஃபெரெட்டுகளுக்கான இடம் அது. கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்பும் குட்டைக் காலுமாக, குட்டியில் பார்த்தால் யாருக்கும் கொஞ்சத் தோன்றும். முயல் பிடிக்க வளைக்குள் விட வாங்குகிறவர்களும் உண்டு, பிள்ளை கேட்டது என்று வாங்குகிறவர்களும் உண்டு. பிறகு அதன் நாற்றம் தாங்காமல் அட்டைப் பெட்டியில் போட்டு எங்கள் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நோரீனுக்கு நாற்றம் தெரியாது. ஒன்பது வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் அவளுக்கு மோப்பம் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

"கடவுளா பாத்துக் குடுத்த லைசென்ஸ்டி இது. மூக்கு மட்டும் இருந்திருந்தா நானும் எப்பவோ ஓடிப்போயிருப்பேன்" என்பாள்.

காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்வாள். என் கணவர் இறந்த வருடத்தில் ஆரம்பித்த பழக்கம். எடுத்த எடுப்பில், "எந்திரிச்சிட்டியா, இல்ல போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று நான் சொன்னதும், சரி, கொட்டகைக்கு வா என்று வைத்துவிடுவாள். அவ்வளவுதான் பேச்சு. வியாழக்கிழமைகளில் அவளுடைய வேனில் போய் உருளைக்கிழங்கு வறுவலும் மசித்த பட்டாணியும் வாங்கி, ஏரிக்கரையில் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஆவி படியத் தின்போம். எனக்கு அது போதுமாக இருந்தது. வேறு எதையும் நான் கேட்டதில்லை.

எங்கள் துண்டுப் பிரசுரத்தை எழுதியது நான். 'ஃபெரெட்டும் மூலிகை எண்ணெய்களும்' என்று தலைப்பு. ஒவ்வொரு கோடையிலும் ஊர்ச் சந்தையில் மேசை போட்டு அதைக் கொடுப்பேன். தெள்ளுப்பூச்சி போவதற்கு டீ ட்ரீ எண்ணெய், சளிக்கு யூகலிப்டஸ், வாடை போகப் பெப்பர்மிண்ட் என்று ஆளுக்கொன்றைத் தடவிவிட்டு, மறுநாள் அழுதுகொண்டு வருவார்கள். மனுஷனுக்கு ஒத்துக்கொள்கிற இந்தச் சாரங்களைச் செரித்து வெளியேற்ற ஃபெரெட்டின் ஈரலுக்குத் தெம்பில்லை. தோலில் தடவியது தோலோடு நிற்கவும் நிற்காது. தன் மேல் எது ஒட்டியிருந்தாலும் அது நக்கித்தான் தீரும், பிடிக்காததையும் நக்கும். செடியிலிருந்து வந்ததுதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்பார்கள். விஷக் காளான்கூடத் தொழிற்சாலையில் செய்ததில்லை, தரையில் முளைத்ததுதான் என்பேன். இந்த வட்டாரத்தில் இதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

டாம்சின் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். இருபத்தாறு வயது அப்போது. நாற்றுப் பண்ணையில் வேலை, மூலிகை வைத்தியத்தில் ஏதோ இரண்டு வருடப் படிப்பு. முடி உதிர்ந்த ஒரு கிழட்டு ஃபெரெட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்து நின்றாள். மூலிகை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரே வாரத்தில் விரட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. எதையும் பிராணி மேல் தடவ மாட்டாள், மூன்று புத்தகம் பார்ப்பாள், பிறகு மருத்துவரைக் கேட்பாள், அதற்குப் பிறகும் யோசிப்பாள். அவள் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

அந்தக் கோடைச் சந்தையில், என் மேசைக்கு முன்னால், ஆட்கள் நிற்கும்போது, பிரசுரத்தைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள். அவள் எதையும் மெதுவாகத்தான் கேட்பாள்.

"க்ளெனிஸ், இதுல பூண்டு குடுக்கலாம்னு போட்டிருக்கே. பூண்டு இதுங்க ரத்தத்தக் கெடுத்துடும். யாரும் சொல்லலியா உங்களுக்கு?"

புழுவுக்குப் பூண்டு கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். என் மாமனார் கொடுத்தார், நான் கொடுத்தேன், எழுதியும் வைத்தேன். நோரீன் பிரசுரத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருஷமா நாம குடுத்தது?" என்றாள்.

நாம் என்றுதான் சொன்னாள். ஆனால் பார்வை என் மேல்தான் இருந்தது. அடுத்த அச்சில் பூண்டு போய்விட்டது, கீழே டாம்சின் பெயரும் சேர்ந்துவிட்டது. அதற்கடுத்த அச்சில் அவளுடைய பெயர் மேலே. மூன்றாவது அச்சில் பக்கம் பற்றவில்லையாம், ஒரு பெயர்தான் போட முடிந்ததாம். யாருடையது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள், உங்கள் கோப்பில் ஒரு பிரதி இருந்தது.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் நோரீனின் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து போவதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை வறுவலுக்கு மூன்று பேராகப் போனோம், நான் பின்னால் கூண்டுகளோடு உட்கார்ந்தேன். பிறகு ஒரு நாள் காலை ஏழுக்குப் போன் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. கொட்டகைக்குப் போய் ஏன் என்று கேட்டேன்.

"அட, டாம்சின் ஏதோ படம் அனுப்பிச்சா, அதப் பாத்துச் சிரிச்சிட்டு அப்படியே மறந்துட்டேன்டி. நீதான் உசுரோட வந்து நிக்கிறியே, அப்புறம் என்ன?" என்றாள்.

நானும் சிரித்தேன். மறுநாளும் போன் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஃபெரெட்டுகளுக்குத் தோல் வறண்டது. நகம் வெட்டும் போது விடுகிற சால்மன் எண்ணெயிலேயே காலெண்டுலா பூவிதழை ஊறவைத்து வடிகட்டி ஒரு பழுப்புப் பாட்டிலில் டாம்சின் கொண்டுவந்தாள். மருத்துவரிடம் கேட்டு, கெடுதலில்லை என்று தெரிந்துகொண்டுதான் செய்தாள். என்ன சேர்த்தது, எந்தத் தேதியில் வடித்தது என்று ஒட்டுத்தாளில் எழுதியும் இருந்தாள். ஃபெரெட்டுகள் பிடித்து உறிஞ்சின. நோரீன் அதற்கு 'டாம்சின் எண்ணெய்' என்று பெயர் வைத்துவிட்டாள். பதினெட்டு வருடத்தில் என் பெயரை எதற்கும் வைத்ததில்லை. ஒரு துடைப்பத்துக்குக்கூட.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நகம் வெட்டுவோம். டாம்சினுக்குப் பண்ணையில் சனிக்கிழமை வேலை உண்டு, மாலைதான் வருவாள். மோப்பம் உள்ள ஆள் கொட்டகையில் நான் ஒருத்திதான். அந்தச் சனிக்கிழமை நோரீன் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அந்தப் பாட்டிலைத் திறந்து டீ ட்ரீ எண்ணெய் சேர்த்துக் குலுக்கி வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்றிரண்டுக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும், அந்தப் பெண்ணின் கைப்பக்குவத்தை நோரீன் சந்தேகப்பட வேண்டும், அதுதான் என் எண்ணம். சாகடிக்க நினைக்கவில்லை. இதை நான் எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, உங்களிடமும் சொல்கிறேன்.

நகம் வெட்டுவது இரண்டு பேர் வேலை. நோரீன் பிடித்துக்கொண்டு எண்ணெய் விடுவாள், நான் வெட்டுவேன். முதலில் எப்போதும் அவளுடைய செல்லம்தான் வரும். கவுன்சிலர் என்று பெயர். வேளாவேளைக்குத் தின்றுவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பதால் வைத்த பெயர். சட்டைக் கழுத்துக்குள் புகுந்துகொண்டு அவளோடு தொலைக்காட்சி பார்க்கும்.

"வாங்க கவுன்சிலர் ஐயா, உங்க தொகுதி மக்கள் நகத்தப் பத்திப் புகார் குடுத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வயிற்றில் ஒரு சொட்டு விட்டாள். அது மூக்கைச் சுளித்துவிட்டு நக்கியது. இன்னொரு சொட்டு விட்டாள்.

எனக்கு வாடை நன்றாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் வெட்ட ஆரம்பித்தேன்.

அடுத்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டை, பிறகு ஒரே பெட்டியில் வந்த அண்ணன் தம்பி இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அவள் கையால் விட்டாள். நான் நிறுத்தியிருக்கலாம். பாட்டிலைத் தட்டிவிட்டிருந்தால்கூடப் போதும். ஏழாவதோடு எண்ணெய் தீர்ந்தது. நகங்களை ஒழுங்காகவே வெட்டினேன், ஒன்றில்கூட ரத்தம் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கவுன்சிலருக்குப் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. அடுத்தடுத்து மற்றவையும் தள்ளாடின, நடுங்கின, உடம்பு சில்லிட்டது. நோரீன் கையில் போனை எடுத்தாள். மருத்துவருக்குப் போட்டாள், அவர் வெளியூரில் இருந்தார். உடனே டாம்சினுக்குப் போட்டாள். நான் ஓரடி தூரத்தில் நிற்கிறேன். இந்த எண்ணெய்களைப் பற்றி முதன்முதலில் எழுதியவள் நான். என்ன செய்வது என்று என்னை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

டாம்சின் வேலை உடுப்போடு ஓடி வந்தாள். கவுன்சிலரைத் தூக்கி வயிற்றில் மூக்கை வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"இது டீ ட்ரீ. யாரு போட்டது? நோரீன், பாத்திரம் கழுவுற சோப்பும் வெதுவெதுன்னு தண்ணியும் கொண்டாங்க. க்ளெனிஸ், துண்டு, சீக்கிரம்."

துண்டு கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, சுடுநீர்ப் பையோடு சுற்றிப் பெட்டியில் வைத்து, பக்கத்து ஊர் மருத்துவரிடம் வேனை ஓட்டிக்கொண்டு போனாள். மூன்று பிழைத்தன. நான்கு பிழைக்கவில்லை. கவுன்சிலர் வண்டியில் போகும்போதே நோரீனின் மடியில் போய்விட்டது. நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, "நான்தானே குடுத்தேன், என் கையாலதானே குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. டாம்சின் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் அவள் முழங்காலைப் பிடித்திருந்தாள். அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

அளவு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கென்று வீட்டில் ஒரு கிழட்டு ஆண் ஃபெரெட் இருந்தது, ஹம்ஃப்ரி. என் கணவர் கடைசியாகக் கொண்டுவந்தது. அதற்குத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தேன், டிசம்பரில். எத்தனை மணி நேரத்தில் என்ன ஆகிறது என்று காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். எப்படியும் அதற்கு ஒன்பது வயது. இறந்த அன்று நோரீன் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அன்று முழுவதும் என்னோடு இருந்தாள், சூப் வைத்துக் கொடுத்தாள். டாம்சின் இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை. அந்த நாள் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே சாகடிக்க நினைக்கவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். அடிக்காவிட்டாலும் சரி.

எங்கள் ஃபெரெட் வளர்ப்போர் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். காலிப் பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததைச் சோதித்ததில் டீ ட்ரீ என்று வந்துவிட்டது. எண்ணெய் டாம்சினுடையது, ஒட்டுத்தாளில் அவளுடைய கையெழுத்து. நான் எழுந்து, யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் வீட்டில் செய்கிற மருந்து விஷயத்தில் நான் பதினெட்டு வருடமாக எச்சரித்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பலர் தலையாட்டினார்கள். டாம்சின் அழவில்லை. "எங்கிட்ட டீ ட்ரீ ஒரு துளி கெடையாது. எப்படி வந்துச்சுன்னு சத்தியமா தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை நீக்கிவிட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதென்று கை தூக்கப் போகும்போது நோரீன் எழுந்தாள்.

"கைய எறக்குங்க. நான்தான் போட்டேன். பாட்டில்ல எண்ணெ கொறஞ்சிருந்துச்சு, குளியலறையில இருந்து ஏதோ பாட்டில எடுத்து ஊத்தி நெரப்பிட்டேன். எனக்குத்தான் மூக்கு செத்துப் போச்சே. அந்தப் புள்ளைய விட்டுருங்க."

அது பொய் என்று அந்த அறையில் அவளைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"அவ போட்டிருந்தாலும் தெரியாமத்தான் போட்டிருப்பா, க்ளெனிஸ். எனக்கு அறுபத்தாறு. இந்தப் பழி அவ மேல விழுந்தா ஆயுசுக்கும் ஒட்டிக்கிட்டுப் போகும். நான்னா தாங்கிக்குவேன்." கொஞ்ச தூரம் வந்து, "நல்லவேள, அன்னிக்கு நீ கூட இருந்த" என்றாள்.

பதினோரு வாரம் ஆகிறது. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டாம்சின் வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குத்தான் போகிறாள், பிழைத்த மூன்றையும் இரண்டு பேருமாகக் கவனிக்கிறார்கள், கவுன்சிலரைப் புதைத்த இடத்தில் இரண்டு பேருமாக ஏதோ செடி நட்டிருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றால் கை அசைக்கிறார்கள். அந்தச் சாவு அவர்கள் இருவருக்கும் சொந்தமாகிவிட்டது. செய்தவள் நான், எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நோரீன் மேல் குற்றம் இல்லை, கொட்டகையைப் பூட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளைக் காப்பாற்ற இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. மேலே எழுதியது அனைத்தும் நான் தனியாகச் செய்தது, என் கையெழுத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நோரீனுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே போய், அந்தப் பெண் இல்லாத நேரமாகப் பார்த்து, வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் அவள் முதலில் என்ன சொன்னாள் என்று வந்து எனக்குச் சொல்லுங்கள், திட்டினால் திட்டியதை அப்படியே சொல்லுங்கள். அன்றைக்கு முழுவதும் அவள் என்னை மட்டும்தானே நினைத்துக்கொண்டிருப்பாள்.